பதினாறா, பதினெட்டா, இருபதுகளின் நடுவா: தோழியர் கதைக்கு எந்த வயது பொருந்தும்?

ஒன்றரை மணி நேர ஒளிபரப்புக்கான ஒரு தொலைக்காட்சித் திரைப்படத்தின் கதையை எழுதும் பொறுப்பை எங்கள் எழுத்துக் குழு ஏற்றிருக்கிறது. சிங்கப்பூரில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் இரண்டு தமிழ்ப் பெண்களின் நட்பும், மேற்படிப்பைப் பற்றி அவர்கள் வளர்த்துக்கொண்ட ஆசைகளும்தான் கரு என்பதில் குழுவில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த நட்பை எந்தக் கட்டத்தில் சோதிப்பது என்பதில்தான் மூன்று யோசனைகள் முன்வந்துள்ளன. தொடக்கக் கல்லூரியில் (பேச்சுவழக்கில் ‘ஜேசி’) ஈராண்டுப் பல்கலைக்கழக முன்படிப்பை முடித்துப் பல்கலைக்கழக இடத்துக்காகக் காத்திருக்கும் பதினெட்டு வயது என்பது முதல் யோசனை. உயர்நிலை நான்கு முடிந்ததும் ஒருத்தி தொடக்கக் கல்லூரிக்கும் மற்றவள் பட்டயப் படிப்புக்காகப் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கும் (‘பாலி’) பிரிந்து செல்லும் பதினாறு வயது என்பது இரண்டாவது. தொழில்திறன் பயிற்சி தரும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் தொடங்கி, பலதுறைத் தொழிற்கல்லூரி வழியாகப் பல்கலைக்கழகத்தை எட்டும் நெடும்பாதையை ஒரு தோழி நடந்து முடிக்கும் வரை, அதாவது இருபதுகளின் நடுப்பகுதி வரை கதையைக் கொண்டுசெல்வது மூன்றாவது. நான் இரண்டாவதை ஆதரிக்கிறேன். ஆனால், மற்ற இரண்டிலும் விட்டுவிட மனம் வராத நல்ல கூறுகள் உள்ளன. அவற்றைத் தள்ளிவைப்பதற்கு முன்பு ஏன் தள்ளிவைக்கிறோம் என்பது நமக்கே தெளிவாக இருக்க வேண்டும்.

முதலில், வடிவம் நமக்கு விதிக்கும் எல்லையைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் ஏபிசி நிறுவனம் 1969ல் வாரந்தோறும் ஒரு புதிய தொலைக்காட்சிப் படத்தை ஒன்றரை மணி நேர இடத்தில் ஒளிபரப்பத் தொடங்கியபோது, விளம்பரங்கள் போக அந்தப் படங்களுக்குக் கிடைத்த நேரம் ஏறத்தாழ 75 நிமிடம். நாமும் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். எழுபத்தைந்து நிமிடத்தில் ஒரு முடிவை, அது எடுக்கப்பட்ட விதத்தை, அதனால் யார் காயப்பட்டார்கள் என்பதைச் சொல்ல முடியும். ஒரு வாழ்க்கையைச் சொல்ல முடியாது. இன்னொன்று, இந்தப் படம் வீட்டுக் கூடத்தில் பார்க்கப்படுவது. சிங்கப்பூரின் தமிழ்த் தொலைக்காட்சியான வசந்தம் 2008 அக்டோபரில் தனி ஒளிவழியாக மாறியது முதல், தீபாவளி போன்ற நாள்களில் பாட்டியும் அம்மாவும் பிள்ளைகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சிகளுக்கு அங்கே நிலையான இடம் இருந்துவருகிறது. பிறகு மீவாட்ச் என்ற இணைய ஒளிபரப்புத் தளத்தில் அதே படத்தை அந்த வீட்டுப் பெண்பிள்ளை தன் கைப்பேசியில் தனியாகவும் பார்க்கலாம். ஆகவே, அம்மா பக்கத்தில் இருக்கும்போதும் அவள் நெளியாமல் பார்க்கக்கூடியதாகவும், தனியாகப் பார்க்கும்போது தன்னிடம் பொய் சொல்லவில்லை என்று அவள் நம்பக்கூடியதாகவும் கதை அமைய வேண்டும். மூன்று யோசனைகளையும் நான் இந்த இரண்டு அளவுகோல்களாலும் அளக்கிறேன்.

அமெரிக்கப் பள்ளிக் கதைகளின் அச்சை அப்படியே இங்கு எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே கல்லூரி என்றாலே பெரும்பாலும் தொலைவு. அனுமதிக் கடிதம் வருகிறது, பெட்டி படுக்கைகள் காரில் ஏறுகின்றன, தோழி வேறொரு மாநிலத்துக்குப் போய்விடுகிறாள். கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் தீவில் பூன் லேயில் இருப்பவள் தெம்பனிசில் இருப்பவளைப் பார்க்க ஏறக்குறைய ஒரு மணி நேர ரயில் பயணம் போதும். இங்கே தோழியரைப் பிரிப்பது கால அட்டவணை. ஒருத்தி சீருடையில் இரண்டாண்டு முழுவதும், பல்கலைக்கழக நுழைவைத் தீர்மானிக்கும் மேல்நிலைத் தேர்வை (‘ஏ’ லெவல்) நோக்கி ஓடுகிறாள். மற்றவள் சொந்த உடையில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் குழுப்பணி, வேலைப் பயிற்சி என்று வேறொரு தாளத்தில் நடக்கிறாள். கல்யாண வீட்டில் சந்திக்கும் உறவினர்கள் ஒருத்தியிடம் ‘எந்த ஜேசி?’ என்று ஆவலோடு கேட்டுவிட்டு, மற்றவளிடம் ‘பாலியா? பரவாயில்லை’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். நம் கதைக்குத் தேவையான தொலைவு இந்தப் ‘பரவாயில்லை’யில் இருக்கிறது.

இனி முதல் யோசனை. பதினெட்டு வயதில் கதையை அமைப்பதில் உள்ள பெரிய வசதி, பணயம் பெரிது என்பதே. பிப்ரவரி இறுதியை ஒட்டி மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவருகின்றன. ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பங்கள் பறக்கின்றன. உபகாரச் சம்பளத்துக்கான நேர்காணல்கள், அதனோடு வரும் பணி ஒப்பந்தம், வெளிநாட்டுக் கல்வியின் செலவு என்று பெரியவர்களின் உலகம் முழுவதும் கதைக்குள் வந்துவிடுகிறது. பெண்களின் நட்பைப் பற்றிய கதை என்பதால் இன்னொரு சிறப்பும் இதில் உண்டு. உடன் படித்த பையன்கள் ஈராண்டு தேசிய சேவைக்குப் போய்விட, பெண்கள் அதே ஆண்டில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைகிறார்கள். எனவே தோழிகள் இருவரும் ஒரே பருவத்தில், ஒரே பாடப்பிரிவுக்கு, நேருக்கு நேர் போட்டியாளர்களாக நிற்க நேரலாம். நட்பும் போட்டியும் ஒரே மேசையில் உட்காரும் இந்தச் சூழலை நம் தொலைக்காட்சியில் இன்னும் நன்றாக எழுதலாம் என்றே நினைக்கிறேன்.

ஆயினும் இந்த யோசனையின் குறை அதன் நிறைக்குள்ளேயே இருக்கிறது. பதினெட்டு வயதில் தொடக்கக் கல்லூரியை முடித்து நிற்கும் இருவரும் ஏற்கெனவே ஒரு சல்லடையைக் கடந்து வந்தவர்கள். பதினாறு வயதில் வேறு பாதையில் போன தோழி இந்தக் கதையில் இல்லவே இல்லை. அவள் எங்கே என்று கேட்கும் பாத்திரம்கூட இல்லை. ஒருத்திக்கு மருத்துவம், மற்றவளுக்குச் சட்டம் என்ற அளவில் கதை நின்றுவிட்டால், பிள்ளை பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் வீட்டில் அந்தத் தாயும் மகளும் யாரோ ஒருவர் வீட்டு விசேஷத்தை ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பார்கள். மேலும், பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளி 2026 முதல் 90க்குப் பதிலாக 70க்குக் கணக்கிடப்படுவது போன்ற மாற்றங்களை வசனத்தில் விளக்கப் போனால், இரண்டு பெண்கள் பேசுவதற்குப் பதிலாக ஒரு தகவல் கையேடு பேசத் தொடங்கிவிடும்.

மூன்றாவது யோசனையை முன்வைத்தவரின் நியாயத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படிக்கும் தமிழ்ப் பெண்ணை நம் திரையில் பார்ப்பதே அரிது. பார்த்தாலும் அவள் பெரும்பாலும் கதாநாயகியின் பின்னால் நிற்பவளாகவே இருக்கிறாள். ஆனால் அந்தப் பாதை நீளமானது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் உயர் நைட்டெக் சான்றிதழ், மூன்றாண்டுப் பட்டயம், பிறகு பட்டப்படிப்பு என்று எட்டு ஒன்பது ஆண்டுகளைக் கடக்க, ‘மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு’ என்ற வரியைத் திரையில் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டிவரும். ஒவ்வொரு தாவலிலும் நட்பு நமக்குத் தெரியாத இடத்தில் மாறிவிட்டிருக்கும். நாம் விளைவை மட்டுமே காட்டிக்கொண்டிருப்போம். எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறு. எழுபத்தைந்து நிமிடத்துக்குள் இந்தக் கதையைச் சுருக்கினால், கடைசிக் காட்சியில் பட்டமளிப்பு அங்கி அணிந்தால்தான் அவள் மதிப்புக்குரியவள் என்று படம் சொல்லாமல் சொல்லிவிடும். தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலேயே நிறைவாகப் படித்து வேலைக்குப் போன பெண்களை அது சிறுமைப்படுத்தும். இந்தக் கதைக்கு உரிய இடம் தொடர்நாடகம். அங்கே ஆண்டுகளுக்கு மதிப்பு உண்டு, அன்றாடத்துக்கு நேரம் உண்டு. அதை யாராவது எழுத வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

இப்போது பதினாறு வயதுக்கு வருகிறேன்.

இந்தக் கட்டத்தில் ஒரு நாடகாசிரியருக்கு வேண்டியதெல்லாம் சேர்க்கை முறையிலேயே அமைந்திருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரிகள் நடத்தும் முன்கூட்டிய சேர்க்கை நடவடிக்கையில், உயர்நிலை நான்கு மாணவர்கள் ஆண்டின் நடுப்பகுதியிலேயே, அதாவது ஆண்டிறுதியில் சாதாரண நிலைத் தேர்வு (‘ஓ’ லெவல்) எழுதுவதற்குப் பல மாதங்கள் முன்பே, தங்கள் ஆர்வத்தையும் திறனையும் காட்டி விண்ணப்பிக்கலாம். நேர்காணலில் தேறியவர்களுக்கு நிபந்தனையுடன் ஓர் இடம் கிடைக்கும். அதை ஏற்றுக்கொண்டவர்கள் பிறகு, தேர்வு முடிவுகள் வந்ததும் ஜனவரியில் நடக்கும் கூட்டுச் சேர்க்கையில் கலந்துகொள்ள முடியாது. சாதாரண நிலைத் தேர்வில் புள்ளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. அதில் ஆங்கிலம், தொடர்புடைய இரு பாடங்கள், சிறந்த இரு பாடங்கள் ஆகிய ஐந்திலும் சேர்த்து 26 புள்ளிக்கு (தாதிமைப் படிப்பானால் 28) மிகாமல் எடுத்து, அந்தப் படிப்புக்குரிய பாடத் தகுதிகளையும் நிறைவுசெய்தால் போதும், இடம் உறுதி. மாறாக, தொடக்கக் கல்லூரிக்குப் போக விரும்புபவளுக்கு ஆறு பாடங்களின் புள்ளி 20க்குள் இருந்தாக வேண்டும்; விரும்பிய கல்லூரி கிடைக்க அதைவிட மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

நம் இரு பெண்களுக்கும் இன்னும் பெயர் வைக்கவில்லை. முதல் பெண், இரண்டாம் பெண் என்றே குறிப்பிடுகிறேன். இரண்டாம் பெண்ணுக்குத் தமிழாசிரியர் ஆக வேண்டும்; தொடக்கக் கல்லூரியில் தமிழ் மொழியும் இலக்கியமும் எடுத்துப் படிக்க வேண்டும். அவளுக்கு எண்கள் எளிதில் வசப்படுவதில்லை. முதல் பெண் வகுப்பில் முதலிடம் பெறுபவள். இருவரும் ஒரே தொடக்கக் கல்லூரிக்குப் போவதென்று உயர்நிலை இரண்டிலேயே பேசி முடித்துவிட்டார்கள். ஆனால் முதல் பெண்ணின் மனம் தாதிமைக்குப் போய்விட்டது. ஜூன் விடுமுறை முடியும் தறுவாயில் அவள் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியின் தாதிமைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள், நேர்காணலுக்குப் போகிறாள், இடமும் கிடைக்கிறது, ஏற்றுக்கொள்கிறாள். தந்தைக்கு மட்டும் தெரியும். தோழியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் படிப்பதை விட்டுவிடுவாளோ என்ற பயம் பாதி. தன்னை இனித் தோழியாக நினைக்கமாட்டாளோ என்ற பயம் மீதி.

அதன் பிறகு, தேர்வு முடிவு வரும் வரையிலான மாதங்கள்தான் நம் படம். தனக்கு இவ்வளவு பாடுபட வேண்டிய தேவையே இல்லாத ஒருத்தி, இரவு பத்து மணி வரை அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையில் உட்கார்ந்து, தோழிக்குக் கூடுதல் கணிதத்தைச் சொல்லிக்கொடுக்கிறாள். ‘ஜேசில நம்ம ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்ல இருந்தா நல்லாருக்கும்டி’ என்று தோழி சொல்லும்போது அவள் அடுத்த கணக்கைக் காட்டுகிறாள். பார்ப்பவர்களுக்கு உண்மை தொடக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடைசியில் உடைப்பதற்காக மறைத்து வைத்தால் அது ஒரு திருப்பமாக முடிந்துவிடும். முன்பே தெரிந்திருந்தால் ஒவ்வொரு சாதாரண உரையாடலுக்கும் கனம் கூடும். விளம்பர இடைவேளைகளுக்கு முன்னால் செயற்கையாக எதையும் வெடிக்கவைக்க வேண்டிய அவசியமும் இருக்காது.

முடிவு வெளியாகும் நாளைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். பள்ளி மண்டபத்தில் பிற்பகலில் முடிவுத் தாள்கள் கொடுக்கப்படுகின்றன. இரண்டாம் பெண்ணின் ஆறு பாடப் புள்ளி 14. இணைப்பாட நடவடிக்கைக்கு 2 புள்ளி கழிகிறது. ஆங்கிலத்திலும் உயர்தமிழிலும் தேவையான தரநிலை இருப்பதால் தொடக்கக் கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்னும் 2 கழிகிறது. பத்து. அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, மறுபடியும் எண்ணிப் பார்க்கிறாள். அவளைச் சனிக்கிழமைதோறும் உயர்தமிழ் வகுப்புக்கு விடாப்பிடியாக அனுப்பிய பாட்டியின் முகம் நமக்கு நினைவுக்கு வர வேண்டும். மாலையில் கூட்டுச் சேர்க்கை இணையப் பக்கத்தைத் திறக்கிறார்கள். பன்னிரண்டு விருப்பங்களை வரிசைப்படுத்தலாம். பன்னிரண்டு காலிக் கட்டங்கள். இரண்டாம் பெண் தன் முதல் விருப்பத்தை நிரப்பிவிட்டுக் கணினியைத் தோழியின் பக்கம் நகர்த்தி, ‘இப்ப உன்னோடது’ என்கிறாள். முதல் பெண்ணுக்கு நிரப்புவதற்கு ஒரு கட்டமும் கிடையாது. அவள் புள்ளி 8; எந்தக் கதவும் திறக்கும் புள்ளி; ஆனால் அவள் ஏற்கெனவே வேறொரு கதவுக்குள் போய்விட்டவள். இந்தக் காட்சிக்கு இசை வேண்டாம், கண்ணீர்கூட வேண்டாம். சேர்க்கை முறையின் ஒரு விதியே உண்மையைச் சொல்லிவிடுகிறது.

இந்தக் கதையமைப்பை நான் விரும்புவதற்குத் தலையாய காரணம், பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போகிறவள் அதிக மதிப்பெண் பெற்றவள் என்பதே. அவள் தவறி விழுந்து அங்கே போகவில்லை. விரும்பித் தேர்ந்தெடுத்துப் போகிறாள். இதே பெண்ணுக்குக் குறைந்த புள்ளி கொடுத்து எழுதியிருந்தால், நாமும் அந்த உறவினர்களின் ‘பரவாயில்லை’யை உரக்கச் சொன்னவர்களாகியிருப்போம்.

மூன்றாவது யோசனையில் நான் இழக்க விரும்பாததையும் இங்கேயே காப்பாற்ற முடியும். முதல் பெண்ணின் தாயைத் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் தாதிமை படித்து, இருபது ஆண்டுகளாக மருத்துவமனையில் பணியாற்றுபவராக அமைக்கலாம். இரவு நேரப் பணி என்றால் என்ன, முதுகுவலி என்றால் என்ன, நோயாளியின் உறவினர் கோபத்தைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வது என்றால் என்ன என்று அறிந்தவர். மகள் டாக்டராக வேண்டும் என்று அவர் கேட்பது பெருமைக்காக மட்டுமன்று. தான் பட்ட சிரமம் அவளுக்கு வேண்டாம் என்பதற்காகவும்தான். எட்டுப் புள்ளியைப் பார்த்துப் பூரித்த முகம், அது பயன்படப் போவதில்லை என்று அறியும் கணத்தில் என்னவாகும் என்பதை எழுதுவதுதான் நம் திறமைக்குச் சோதனை. ‘நீங்க செய்யற வேலைதானேம்மா எனக்குப் பிடிச்சிருக்கு’ என்று மகள் சொல்லும்போது, அந்தத் தாய்க்கு மகிழ்வதா அழுவதா என்று தெரியாமல் போக வேண்டும். சோபாவில் உட்கார்ந்து படம் பார்க்கும் அம்மாவுக்கும் கதையில் ஒரு முழு இடம் இவ்வாறு கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது யோசனைக்கு எதிராக எழுப்பப்பட்ட தடைகளில் ஒன்று மட்டும் வலுவானது. 2027 முதல் சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதிலாகச் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் இடைநிலைக் கல்விச் சான்றிதழ் என்ற ஒரே தேர்வு வருகிறது. 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களே அதை எழுதும் முதல் தொகுதியினர். தொடக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு ஆறு பாடங்களுக்குப் பதிலாக ஐந்து பாடங்களைக் கணக்கில் கொண்டு, 16 புள்ளியை வரம்பாக வைக்கும் முறையும் 2028ல் நடைமுறைக்கு வருகிறது. அப்படியிருக்க, படம் வெளிவருவதற்குள் பழையதாகிவிடாதா என்பது கேள்வி. என் பதில், கதை 2026ல் நடப்பதாக அமைத்துவிடலாம் என்பது. சாதாரண நிலைத் தேர்வை எழுதும் கடைசித் தொகுதி அது. ஆசிரியர்கள் ‘உங்களோடு இது முடிகிறது’ என்று சொல்வதும், ஓராண்டு இளைய தங்கை வேறொரு முறையைப் பற்றி வீட்டில் பேசுவதும் இயல்பாகவே வரும். ஆண்டைத் தெளிவாகக் குறித்துவிட்டால் அது அந்தக் காலத்தின் கதையாக நிலைக்கும். ஆண்டைச் சொல்லாமல் மழுப்பினால்தான் பழையதாகத் தோன்றும்.

தயாரிப்புச் செலவிலும் இதுவே சிக்கனம். இரண்டு அடுக்குமாடி வீடுகள், ஒரு கீழ்த்தளம், ஒரு ரயில் நிலையம், ஒரு பள்ளி மண்டபம் ஆகியவை போதும். உண்மையான பள்ளியின் சீருடையையும் சின்னத்தையும் பயன்படுத்தாமல், கற்பனையான பள்ளி ஒன்றை அமைத்துக்கொள்வது எல்லாருக்கும் நல்லது. மொழியைப் பொறுத்தவரை, பெண்கள் இருவரும் தங்களுக்குள் பேசுவதைப் போலவே, ஆங்கிலச் சொற்கள் கலந்த தமிழில் பேசட்டும். பாட்டியிடம் பேசும்போது அது தானாக மாறட்டும்.

பெரும்பான்மையினர் பதினெட்டு வயதையே விரும்பினால் நான் தடையாக நிற்கமாட்டேன். ஆனால் அப்போதும் ஒரு மாற்றத்தைக் கோருவேன்: அந்த இரு தொடக்கக் கல்லூரி மாணவிகளோடு, பதினாறு வயதில் பிரிந்துபோன மூன்றாவது தோழி ஒருத்தி பலதுறைத் தொழிற்கல்லூரியின் கடைசி ஆண்டில் இருக்க வேண்டும், அவளுக்குக் குறைந்தது கால்பங்கு நேரம் தரப்பட வேண்டும், அவள் யாருக்கும் ஆறுதல் சொல்வதற்காக மட்டும் திரையில் வரக்கூடாது. இரண்டாவது யோசனையே தேர்வானால், கல்மேசைக் காட்சியையும் கூட்டுச் சேர்க்கைக் காட்சியையும் முதலில் எழுதி, உயர்நிலை நான்கு மாணவிகள் சிலரிடம் படித்துக் காட்டிவிட்டு மற்றவற்றைத் தொடங்கலாம். அந்த இரண்டு காட்சிகளையும் எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.